வேலை நேரம் கூடினால் வேலை கூடுமா?

(வானொலியின் பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து ரேடியோவைத் திருப்பியிருப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. ஆள் வேலையைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நான் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், டீக்கடை பெஞ்சாக இருக்கட்டும், கூட்டுறவு சங்கத்து வாசலாக இருக்கட்டும், முதலில் காதில் விழுகிற புகார் ஒன்று உண்டு. "சார், இப்பல்லாம் ஆளுங்க ஒரு மணிக்கே கரையேறிடறாங்க. கூலி மட்டும் முழுசா எண்ணி வாங்கிக்கிறாங்க. எங்கப்பா காலத்துல பொழுது சாயுற வரைக்கும் நின்னு வேலை செஞ்சாங்க."

இந்தப் புகாரில் பாதி நியாயம் இருக்கத்தான் செய்கிறது. கூலி ஏறியிருக்கிற வேகத்துக்கு நெல் விலை ஏறவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் மறுபாதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பொழுது சாயும் வரைக்கும் நின்றார்கள், சரி. பொழுது சாயும் வரைக்கும் வேலை நடந்ததா? நின்ற நேரத்துக்குத்தான் நம்மிடம் கணக்கு இருக்கிறது. நடந்த வேலைக்கு இல்லை.

எனக்கே இது பட்டுத்தான் தெரிந்தது. சில வருஷங்களுக்கு முன்னால், டெல்டாப் பகுதியில் ஒரு குறுவை. ஒரு விவசாயியின் வயலில் வரிசை நடவு செயல்விளக்கம் போட ஏற்பாடு செய்திருந்தேன். மறுநாள் மேலதிகாரிகள் வந்து பார்ப்பதாக இருந்தது. காலையில் தொளி உழவு முடியவே நேரமாகிவிட்டது. நடவுக்கு வந்த பெண்கள் ஒன்பது மணி வரைக்கும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் இறங்கினார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு, "மிச்சத்தை நாளைக்குக் காலையில நட்டுடறோம் ஐயா" என்று அந்தக் கூட்டத்தில் மூத்த அம்மா கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கூட ஒரு தொகை தரச் சொல்கிறேன், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கேட்டு, ஆறரை மணி வரைக்கும் அவர்களை வயலில் நிறுத்தினேன். கடைசி இரண்டு மணி நேரத்தில் அந்த அம்மா ஒன்று சொன்னார்: "கை நடுது ஐயா, கண்ணு பாக்கல."

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள், வரப்பில் நின்று பார்த்தார்கள், திருப்தியாகப் போனார்கள். நான்காம் நாள் நான் தனியாகப் போனேன். மேற்குப் பக்கம், அதாவது சாயங்காலம் நட்ட பக்கம், நாற்று இங்கொன்றும் அங்கொன்றுமாக மிதந்துகொண்டிருந்தது. சில இடத்தில் ஒரே குத்தில் ஏழெட்டு நாற்று. சில இடத்தில் ஒரு முழத்துக்கு ஒன்றுமே இல்லை. விட்டுப்போன இடங்களில் மறுபடி நாற்று ஊன்றுவதற்கு அந்த விவசாயி தனியாக ஆள் கூப்பிட்டார். அந்தக் கூலியும் சேர்ந்ததுதான் நான் மிச்சப்படுத்திய அந்த ஒரு நாள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். குறுகிய கால நெல் ரகத்துக்கு வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டர் என்று சொல்கிறோம். அப்படியானால் ஒரு சதுர மீட்டரில் 66 குத்து. ஏக்கருக்கு ஏறத்தாழ 2,67,000 குத்து. ஏக்கருக்குப் பன்னிரண்டு பேர் இறங்கினால், ஒவ்வொரு பெண்ணின் கையும் 22,000 தடவை சேற்றுக்குள் போய்த் திரும்ப வேண்டும். ஆறு மணி நேரத்தில் அதை முடிப்பதென்றால் நொடிக்கு ஒரு குத்து. குனிந்தபடியே, பின்னால் நகர்ந்தபடியே, முடியிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்தபடியே.

காலை ஏழு மணிக்கு அந்த வேகம் கொஞ்ச நேரம் வரலாம். மதியம் மூன்று மணிக்கு வருமா? வராது. வராதபோது என்ன ஆகும்? வேலை நின்றுபோகாது. அதுதான் இதில் உள்ள சூட்சுமம். நடவு நடந்துகொண்டுதான் இருக்கும். குத்துக்கும் குத்துக்கும் உள்ள இடைவெளி அகலும். நாற்றைப் பிரிக்கக் கை வராமல் கொத்தாக வைப்பார்கள். ஒரு பக்கம் மேலாக வைத்து மிதக்கும், இன்னொரு பக்கம் ஆழமாக அழுத்தித் தூர் கட்டாமல் நிற்கும். வரப்பில் நிற்கிற உங்களுக்கு வயல் பச்சையாகத் தெரியும். நெல் தூர் கட்டி ஓரளவு ஈடு செய்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் குறுவை ரகத்துக்கு அதற்கு நாள் ஏது? நீண்ட கால ரகத்துக்கு மன்னிப்பு உண்டு, குறுவைக்குக் கிடையாது.

இப்படி, நேரம் கூடியும் வேலை கூடாமல் போவதை ஒருவர் உட்கார்ந்து அளந்து எழுதியிருக்கிறார்களா என்று கேட்பீர்கள். எழுதியிருக்கிறார்கள். நெல் வயலில் அல்ல, வெடிகுண்டுத் தொழிற்சாலையில். முதல் உலகப் போர் சமயத்தில் பிரிட்டனில் பீரங்கிக் குண்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். குண்டு வேண்டும், குண்டு வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் வேலை வாங்கினார்கள். வாரத்துக்கு எழுபது மணி நேரம், அதற்கு மேலும்கூட. 1915ஆம் ஆண்டு அரசாங்கமே ஒரு குழுவை அமைத்து, இந்தத் தொழிலாளர்களின் உடல்நிலையைப் பார்க்கச் சொன்னது. வெர்னன் என்ற உடலியல் அறிஞர் தொழிற்சாலைகளுக்குப் போய், யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எத்தனை உருப்படி முடித்தார்கள் என்று வாரா வாரம் குறித்தார்.

ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியரான ஜான் பென்கவெல் அந்தப் பழைய குறிப்புகளை எடுத்து மறுபடி கணக்கிட்டார். 2014ஆம் ஆண்டு அவர் சொன்னது இது: வாரத்துக்கு 49 மணி நேரம் வரைக்கும், நேரம் கூடக் கூட வேலையும் அதே அளவுக்குக் கூடியது. அதற்கு மேல் போனால் வேலை கூடுவது மட்டுப்பட்டது. 70 மணி நேரம் வேலை செய்தவர்கள் முடித்ததும், 56 மணி நேரம் வேலை செய்தவர்கள் முடித்ததும் கிட்டத்தட்ட ஒன்றே. பதினான்கு மணி நேரம் அந்தப் பெண்கள் நின்றது நின்றதுதான். குண்டு கூடவில்லை.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, 49 மணி என்பது குளிர்தேசத்தில், கூரைக்குக் கீழே நடந்த வேலையின் கணக்கு. அதை அப்படியே கொண்டுவந்து நம் வயலில் வைக்க முடியாது. இரண்டு, அந்த எல்லை வரைக்கும் நேரம் குறைந்தால் வேலையும் குறையத்தான் செய்தது. ஆகவே நாலு மணி நேரம் வேலை செய்தாலே போதும் என்று நான் சொல்ல வந்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லா வேலைக்கும் ஓர் எல்லை உண்டு. நடவுக்கு அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

நம் ஊரில் அந்த எல்லையைச் சீக்கிரமே கொண்டுவருவது வெயில். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019ஆம் ஆண்டு இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 24 முதல் 26 டிகிரிக்கு மேல் போனாலே உடல் உழைப்பின் திறன் குறையத் தொடங்குகிறது, 33, 34 டிகிரியில் நடுத்தரமான உழைப்பு செய்கிறவர் தன் திறனில் பாதியை இழக்கிறார் என்கிறது அது. "நம்ம ஊருல தினமும் 38 போவுதே" என்று சிரிக்காதீர்கள். இது சுவரில் மாட்டியிருக்கிற தெர்மாமீட்டர் கணக்கு அல்ல. வெயில், காற்றில் உள்ள ஈரம், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுகிற அளவு. நடவு வயலை நினைத்துப் பாருங்கள். மேலே ஆனி மாதத்து வெயில், குனிந்த முதுகின் மேல் நேராக. கீழே சூடேறிய தண்ணீரிலிருந்து வருகிற ஆவி. வேர்வை வழிகிறது, ஆனால் காயவில்லை. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாத வேர்வையால் உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இன்னொன்று. நடவுக்கு வருகிற பெண்ணின் நாள், நம் வயலில் தொடங்குவதில்லை. நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுத்தான் ஏழு மணிக்கு வரப்புக்கு வருகிறார். நம் நோட்டில் அது முதல் மணி, அவருக்கு நாலாவது மணி. மதியம் இரண்டு மணிக்கு "என்னம்மா, அதுக்குள்ள ஓய்ஞ்சு போயிட்டீங்க" என்று கேட்கிறோமே, அப்போது அவர் எழுந்து பத்து மணி நேரம் ஆகியிருக்கும்.

அதோடு ரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. பத்துப் பேர் வயலில் இறங்கினால் ஐந்து பேர் அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தசோகைக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று 1970களிலேயே பார்த்திருக்கிறார்கள். இந்தோனேஷியாவில் ரப்பர் தோட்டத்தில் ரத்தசோகை உள்ளவர்கள் எடுத்த பால், மற்றவர்கள் எடுத்ததைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பெண்களுக்கு இரும்புச்சத்து கொடுத்து ரத்தம் ஊறிய பிறகு பார்த்தால், அவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். இரண்டும் 1979ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள். நேரத்தைக் கூட்டவில்லை, ரத்தத்தைக் கூட்டினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கிறது. அதைச் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பாதி வீண். டீ குடிக்க ஒரு மணி நேரமாவது கழியட்டும். இது நடவாட்களுக்கு மட்டுமல்ல, கேட்டுக்கொண்டிருக்கிற வீட்டுப் பெண்களுக்கும்தான்.

இது வேலைக் கணக்கோடு முடிகிற விஷயமும் இல்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தினர், தமிழ்நாட்டில் வேலைக்குப் போகிற 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயல், உப்பளம், செங்கல் சூளை என்று வெயிலில் நிற்பவர்களும் அதில் இருந்தார்கள். வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் இரண்டு மடங்கு ஆபத்தாக இருந்தது என்று 2024ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். மாசமாக இருக்கிற பெண் உங்கள் வயலில் இறங்கினால், கூட்டத்தில் மூத்தவரிடம் சொல்லி, வெயில் ஏறுவதற்குள் அவரைக் கரையேற்றிவிடுங்கள். கூலியைக் குறைக்காமல் ஏற்றுங்கள்.

இனி, யாரும் நேரம் சொல்லாத ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். கரும்பு வெட்டுகிற கூட்டத்துக்கு டன் கணக்கில் கூலி. மணிக் கணக்கு அங்கே கிடையாது. எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வெட்டலாம், வெட்டினால் காசு. அவர்கள் மதிய வெயிலில் கரும்புத் தோட்டத்துக்குள் நிற்கிறார்களா? இருட்டு பிரியும் முன்பே இறங்குகிறார்கள். வெயில் ஏறினால் அரிவாளைத் தூக்கிவிட்டு நிழலுக்கு வந்துவிடுகிறார்கள். அப்புறம் மாலையில் கட்டுக் கட்டவும் லாரி ஏற்றவும் போகிறார்கள். தன் உழைப்புக்குத் தானே கணக்குப் பார்க்கிறவன் அப்படித்தான் நேரத்தைப் பிரிக்கிறான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? முதலில் காலை நேரத்தைக் கைப்பற்றுங்கள். ஆறு மணிக்கு நடவு தொடங்கினால் பதினொன்றரைக்குள் அன்றைய நல்ல வேலை முழுவதும் முடிந்துவிடும். "ஆறு மணிக்கு எந்தப் பொம்பளை வருவா?" என்பீர்கள். வீட்டில் சமைத்துவிட்டு வர முடியாதுதான். காலைச் சாப்பாட்டை வயலுக்குக் கொண்டுவந்து போடுகிற சில விவசாயிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஆறு மணிக்கு ஆள் வருகிறது. இட்லி சாம்பார் செலவைப் பார்த்து மலைக்காதீர்கள். பழையதும் வெங்காயமும் மோரும் கொடுத்தாலும் போதும். ஆனால் நேரத்தை நீங்களாக முடிவு செய்யாமல், முதல் நாளே அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர் ஏழரைக்குத்தான் வருவார். வரட்டும்.

அடுத்தது, நீங்கள் கூலி கொடுத்தும் வேலை நடக்காமல் போகிற நேரம். இதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை, ஏனென்றால் தப்பு நம்முடையது. டிராக்டர் வரவில்லை, பரம்பு அடிக்கவில்லை, நாற்று பறித்து முடியவில்லை, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று நடவாட்கள் வரப்பில் காத்திருக்கிற நேரத்தை ஒரு நாள் கடிகாரம் பார்த்துக் குறித்துப் பாருங்கள். நான் குறித்திருக்கிறேன், செயல்விளக்கத் திடலிலேயே. வெட்கமாக இருந்தது. சேறு முதல் நாளே தயாராகிச் சமன் ஆகியிருக்க வேண்டும். நாற்று முடிகளை வயல் முழுக்க முன்கூட்டியே வீசி வைத்திருந்தால், முடி எடுக்கச் சேற்றில் நடந்து போகிற நடை மிச்சம். ஒரு பெண் அரை நாளில் இப்படி நடக்கிற நடையையும் நாம் கூலியில் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் நிமிர விடுங்கள். வரப்பில் நாலு கழி நட்டு ஒரு பந்தல். ஒரு பானைத் தண்ணீர், இன்னொரு பானையில் உப்புப் போட்ட மோர். இன்னும் ஒன்று உண்டு, வானொலியில் பேசக் கூச்சமாக இருந்தாலும் பேசியே ஆக வேண்டும். வயலில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள். தண்ணீர்ப் பானையை வைத்தால் மட்டும் போதாது. பம்புசெட்டுக்குப் பின்னால் ஒரு தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிக் கொடுங்கள். அப்போதுதான் அந்தப் பானை காலியாகும்.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார், எனக்குத் தெரியும். "நம்ம வயல்ல பன்னெண்டு மணிக்குக் கரையேறிட்டு, சாயங்காலம் வேற வயல்ல போயி அரை நாள் கூலி வாங்கறாங்களே, அது என்ன கணக்கு?" போகத்தான் செய்கிறார்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் நடவு. ஆள் தட்டுப்பாடு அதனால் வருகிறது. அவர்கள் சம்பாதிக்கிற நாட்களும் அந்தச் சில வாரங்கள்தான். அதைத் தடுக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் ஓய்ந்த கையை வாங்குகிறவர் அந்தச் சாயங்கால வயல்காரர். புதுக் கையை வாங்கியவர் நீங்கள். உண்மையில் ஏமாந்தவர் யார்? நிலத்தடி நீர் உள்ளவர்கள் நாற்றங்காலை ஒரு வாரம் முன்னதாக விட்டு, நெரிசலுக்கு முன்னால் நட்டுக்கொள்ளலாம். நாற்றங்காலைப் பக்கத்து வயல்காரரோடு பேசி நாலைந்து நாள் முன்பின்னாக விட்டால், ஒரே கூட்டம் இரண்டு பேருக்கும் காலையில் கிடைக்கும். நடவு இயந்திரம் கிடைக்கிற ஊரில் பாய் நாற்றங்கால் போட்டு அதையும் பாருங்கள். ஆனால் ஓரத்துக்கும் மூலைக்கும் கை நடவு அப்போதும் வேண்டியிருக்கும்.

எல்லா வேலைக்கும் இதே கணக்கு அல்ல. தண்ணீர் பாய்ச்சுகிறவரும் காவல் இருப்பவரும் நேரத்துக்குத்தான் நிற்க வேண்டும். அதில் நேரமே வேலை. களையெடுப்பு நடவைப் போலத்தான். ஓய்ந்த கண் களையையும் பயிரையும் பிரித்துப் பார்க்காது. கோனோ களைக்கருவி தள்ளுவது அதைவிடக் கடினம். ஒரே ஆளை அரை நாள் தள்ளவிடாமல் இரண்டு பேரை மாற்றி மாற்றி விடுங்கள். மருந்து அடிப்பதை வெயில் நேரத்தில் வைக்கவே கூடாது. அதற்குக் காரணம் உழைப்பு மட்டும் இல்லை என்பதால் அதை இன்னொரு நாள் பேசுவோம்.

வருகிற நடவில் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு மீட்டர் நீளத்தில் நாலு குச்சி எடுத்து, சதுரமாகக் கட்டிக்கொள்ளுங்கள். நடவன்று எட்டு மணிக்கு எந்த இடத்தில் நட்டுக்கொண்டிருந்தார்கள், மூன்று மணிக்கு எந்த இடத்தில் என்று வரப்பில் இரண்டு அடையாளக் கழி ஊன்றி வையுங்கள். நாலைந்து நாள் கழித்து, இரண்டு இடத்திலும் சட்டத்தைப் போட்டு எத்தனை குத்து இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு குத்தில் எத்தனை நாற்று என்றும் பாருங்கள். இரண்டு மூன்று இடத்தில் எண்ணினால் நல்லது. எண்ணும்போது நடவுக் கூட்டத்தில் மூத்தவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எண்ணியதை உங்கள் பகுதி வேளாண் உதவி அலுவலரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பழைய குறுவைக்குப் பிறகு, நானும் ஒவ்வொரு நடவிலும் இதை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.